நீருக்குத் துணை, ஓட்டத்துக்குத் தனிமை

நண்பர்கள் சேர்ந்து பயிற்சி எடுத்தால் நல்லதுதானே என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. காலை நடைக்கு அந்தப் பதில் போதும். நீண்ட தூர டிரையத்லானுக்கு அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, ஓய்வில்லாமல் முடிக்க வேண்டிய பந்தயம் அது. முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குமேல் 42.2 கிலோமீட்டர் மாரத்தான் ஓட வேண்டும். எல்லாம் 17 மணி நேரத்துக்குள். அதில் சரிபாதி 70.3 என்ற பந்தயம்: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், எட்டரை மணி நேரக் கெடு. 2019 அக்டோபரில் கோவாவின் மிராமர் கடற்கரையில் அயர்ன்மேன் 70.3 முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது. அதற்குமுன் வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் கனவாக இருந்த ஒன்று, ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய்வரும் தூரத்துக்கு இறங்கிவிட்டது. “மாப்ள, நாமளும் போவோமா?” என்ற கேள்வி புதுக்கோட்டையின் டீக்கடையிலும் எழக்கூடிய காலம் இது. எழுந்தால் என்ன பதில் சொல்வது என்பதுதான் இங்கே என் கவலை.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே ஒரு முரண் உண்டு. ஹவாயின் ஓஹு தீவில் ஓட்டக்காரர்களின் அஞ்சல் ஓட்டம் ஒன்று முடிந்து பரிசளிப்பு நடந்தபோது, நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் மூவரில் யாருக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் அதிகம் என்று வாக்குவாதம் கிளம்பியது. கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் தீவில் ஏற்கெனவே இருந்த மூன்று நீண்ட தூரப் போட்டிகளை ஒன்றாகக் கோத்துவிட்டார்கள். 1978 பிப்ரவரியில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். நண்பர்களின் பேச்சில் பிறந்த பந்தயம்; ஆனால் அதன் சட்டம் நண்பனை அனுமதிப்பதில்லை. சைக்கிளில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிக் காற்றைத் தவிர்த்தால் தண்டனை; முன்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே 12 மீட்டர் விட வேண்டும். வேலிக்கு வெளியே நிற்கும் நண்பன் கைகொடுக்கக் கூடாது. அன்றைய நாளில் நீங்கள் தனி ஆள். தனியாகச் செய்ய வேண்டிய ஒன்றுக்குக் கூட்டமாகத் தயாராவது எந்த அளவுக்குச் சரி?

ஆய்வுகளைக் கேட்டால் அவையும் ஒரே குரலில் பேசுவதில்லை. 1898-இல் அமெரிக்காவின் நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தயப் பதிவுகளைப் புரட்டி, தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுகிறவரைவிட இன்னொருவரோடு ஓட்டுகிறவர் வேகமாகப் போகிறார் என்று காட்டினார். கூட்டுப் பயிற்சிக்காரர்கள் மேற்கோள் காட்ட விரும்பும் முடிவு இது. முன்னால் போகிறவர் காற்றைத் தடுப்பதும் ஒரு காரணமாகலாம் என்று அவரே எழுதிவைத்ததை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பிரான்ஸின் வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் கயிறு இழுக்கவைத்துச் சோதித்தது நேர்மாறாக முடிந்தது: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு வந்த பலம், தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். கூட்டம் பெருத்தால் ஒவ்வொருவரும் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே நமக்கு உண்மையில் உதவுவது 1920-களில் பெர்லின் படகுச் சங்கத்தில் ஓட்டோ கோலர் செய்த சோதனை. இரண்டு பேர் ஒரே கம்பியைப் பிடித்து எடை தூக்க வேண்டும். ஒருவர் விட்டால் இருவருக்கும் முடிந்தது. பலம் குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட இப்போது அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் அதற்கொரு நிபந்தனை இருந்தது. இருவரும் கிட்டத்தட்ட சமபலம் என்றால் அந்தக் கூடுதல் முயற்சி சுருங்கியது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்றாலும் சுருங்கியது. நடுத்தரமான வித்தியாசத்தில்தான் உச்சம். ஆகவே நண்பர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதைவிட எத்தனை பேர், எவ்வளவு ஏற்றத்தாழ்வு, எந்தப் பயிற்சிக்கு என்று கேட்பதே பொருள் உள்ள கேள்வி. பள்ளித் தோழர்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பன்னிரண்டு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு தொடங்குவதற்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை.

புதுக்கோட்டைக்கு நீண்ட ஓட்டம் புதிதில்லை. 2017-இல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளத்தில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற கோ. லட்சுமணன் இந்த மண்ணின் பிள்ளை. 2016 குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டுகளில் அதே இரண்டு தூரங்களில் பெண்களுக்கான தங்கத்தை எடுத்த சூர்யாவும் இங்கிருந்து போனவர். இருவரும் கவிநாட்டில் பயிற்சியாளர் லோகநாதனிடம் ஓடத் தொடங்கியவர்கள். இதைச் சொல்லி, “பாருங்கள், சேர்ந்து ஓடினார்கள், ஜெயித்தார்கள்” என்று வாதிடுவது எளிது. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. சேர்ந்து ஓடியது உண்மை. ஆனால் அங்கே கரையில் ஒரு கண் இருந்தது. இன்று யார் வேகமாக ஓட வேண்டும், யார் அடங்கி ஓட வேண்டும் என்று சொல்ல ஓடாத ஒருவர் நின்றார். நண்பர்கள் குழுவில் அந்த ஆள் இருப்பதில்லை. எல்லாரும் ஓடுகிறார்கள், எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள், யாரும் யாரையும் கவனிப்பதில்லை. கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தர்ராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் பெற்ற வெள்ளியைப் பறிகொடுத்த பிறகும், புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க வந்து நின்றார். இந்த மாவட்டத்தின் ஓட்டம் வளர்ந்ததற்குப் பின்னால் நட்பைவிடக் குருமார்களின் கை பெரிது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

உலக அளவில் நட்புக்கு ஆதரவான வலுவான சாட்சி நார்வேயிலிருந்து வருகிறது. கிறிஸ்டியன் புளூமென்ஃபெல்ட், குஸ்தாவ் இடன், காஸ்பர் ஸ்டோர்னஸ் மூவரும் இளவயதிலிருந்து ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். டோக்கியோ ஒலிம்பிக் டிரையத்லான் தங்கம் புளூமென்ஃபெல்டுக்கு. 2022 ஹவாய் அயர்ன்மேன் பட்டம் இடனுக்கு. 2025 செப்டம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் ஸ்டோர்னஸ், இடன், புளூமென்ஃபெல்ட் என்று முதல் மூன்று இடங்களும் அவர்களுக்கே. இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் அவர்களுடைய பயிற்சியைப் பார்க்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பயிற்சிக்கு நடுவே நிறுத்தி, ஒரு துளி ரத்தம் எடுத்து, அதில், உழைப்பு கூடக்கூட ஏறும் லாக்டேட் எவ்வளவு என்று அளந்து, கூடியிருந்தால் வேகத்தைக் குறைக்கிறார்கள். மூன்று உலக சாம்பியன்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை நம்பிக்கையிடம் விடாமல் அளவையிடம் விட்டார்கள். நம்மிடம் ரத்தச் சோதனைக் கருவி இல்லாவிட்டால் பரவாயில்லை. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிகிறதா என்ற பழைய சோதனை இருக்கிறது. பேச முடியாத வேகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து ஆளைத் துரத்துகிற குழுதான் பிரச்சினை.

ஓட்டத்தில் அது நமக்கு நிச்சயம் நேரும். காரணம், ஓட்டம் நம் பெருமை. எதில் பெருமை இருக்கிறதோ அதில் விட்டுக்கொடுக்க மனம் வராது. உயர்நிலை வீரர்களின் பயிற்சிப் பதிவுகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய எண்பது சதவீதம் எளிய வேகத்தில்தான் நடக்கின்றன என்று காட்டினார். நண்பர்கள் குழுவில் இந்த விகிதம் குலைந்துவிடுகிறது. மெதுவாக ஓட வேண்டிய செவ்வாய்க்கிழமை நடுத்தர வேகத்துக்கு ஏறுகிறது; அதனால் வேகமாக ஓட வேண்டிய வியாழக்கிழமை கால் வராமல் அதுவும் நடுத்தர வேகத்துக்கு இறங்குகிறது. வாரம் முழுக்க வியர்வை, முன்னேற்றம் இல்லை. சித்திரை வெயில் வேறு. காலை ஏழு மணிக்கே தார் கொதிக்கத் தொடங்கும் ஊரில், ஒரே வேகத்துக்கு ஒருவரின் இதயம் 140 துடிக்கும், இன்னொருவரின் இதயம் 165 துடிக்கும். உடல் வெயிலுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாட்கள் ஆகும். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். அந்த இரண்டு வாரமும் இருவரையும் ஒரே வேகத்தில் கட்டி ஓடவைப்பது அநியாயம். ஆகவே ஓட்டத்தைத் தனியாக ஓடுங்கள் என்பது என் கட்சி. அதிகாலை நாலரைக்கு எழுப்பிவிட ஒருவர் வேண்டுமென்றால், மைதான வாசல்வரை சேர்ந்து வரலாம். அங்கிருந்து அவரவர் கடிகாரம் அவரவர்க்கு.

தண்ணீருக்கு வந்தால் என் நிலை முற்றிலும் மாறுகிறது.

1985 முதல் 2016 வரை அமெரிக்க டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதயம் நின்று மீட்கப்பட்ட சம்பவங்களையும் மருத்துவ ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். மொத்தம் 135. அவற்றில் 90 நீச்சல் பகுதியில் நேர்ந்தவை. பந்தய நேரத்தில் மிகக் குறைந்த பங்கு நீச்சலுக்கு. ஆபத்தில் மிகப் பெரிய பங்கும் அதற்கே. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு நண்பர்களோடு கிளம்பும் நம் ஊர்க்காரர்களின் வயதும் பாலும் அதுதான். இதயப் பரிசோதனை செய்துகொள்ளாமல் யாரையும் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை.

நம் மாவட்டத்துத் தண்ணீரின் கணக்கு தனி. வற்றாத ஆறு இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் மழைக்கு ஓடி மணலாகக் கிடப்பவை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்கள் உண்டு. ஊரை ஒட்டியே கவிநாடு கண்மாய் கடல்போல விரிகிறது. ஆனால் கண்மாய் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகை மழையில். கோவாப் பந்தயமோ அக்டோபரில் அல்லது நவம்பரில். நீச்சலை உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டிய ஆடி, ஆவணி, புரட்டாசியில் கண்மாயில் மாடு மேயும். தண்ணீர் வரும்போது பந்தயம் முடிந்திருக்கும். பயிற்சித் திட்டத்தை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் இந்த ஒரு இடத்தில் மோதி நிற்பார்கள். நீச்சலின் அடித்தளத்தை மார்கழியிலிருந்து பங்குனிக்குள், கண்மாயில் தண்ணீர் நிற்கும்போதே போட்டுவிட வேண்டும். கோடையிலும் ஆடியிலும் நீச்சல் குளத்துக்குப் போக வேண்டும். அதற்குத் திருச்சிவரை போய்வர வேண்டியிருந்தால் ஒரே காரில் நால்வர் போவதுதான் கட்டுப்படியாகும். நட்பு இங்கே பெட்ரோல் செலவிலும் கைகொடுக்கிறது.

கண்மாய் பார்க்க அமைதியாக இருக்கும். அதை நம்ப முடியாது. மடை திறந்திருந்தால் அதன் வாய் ஆளை இழுக்கும். கலிங்கில் தண்ணீர் வழியும்போது அந்தப் பக்கம் போகவே கூடாது. அளவுக்கு மீறி மண் அள்ளிய இடங்களில் இடுப்பளவு தண்ணீர் ஒரே அடியில் இரண்டு ஆள் ஆழமாகும். ஆகாயத்தாமரையும் பாசியும் காலைச் சுற்றும். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து, கடைமடையான நாகுடி, மும்பாலைப் பக்கம் எட்டும்போது வாய்க்காலில் நீந்தலாமா என்று ஆசை வரும். நீரோட்டமும் மதகும் உள்ள வாய்க்காலில் நான் யாரையும் இறங்கச் சொல்ல மாட்டேன். கடல் உண்டு, மணமேல்குடி முதல் மீமிசல் வரை. பாக் விரிகுடா ஆழமில்லாதது. மார்பளவு தண்ணீருக்கே வெகுதூரம் நடக்க வேண்டும். அலை குறைவு என்பது தொடக்கக்காரருக்கு நல்லது. படகுகள் போய்வரும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளை விட்டு விலகி, மீனவர் ஒருவரின் வள்ளத்தைக் கூலிக்கு அமர்த்தி, அதில் ஒரு நண்பர் உட்கார, மற்றவர்கள் நீந்துவதுதான் முறை.

இதே கடலின் வரலாறு இதைத்தான் சொல்கிறது. இலங்கை தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி 1954-இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் 1971-இல் இரு கரைக்கும் போய்த் திரும்பினார். பிற்காலத்தில் சென்னையின் குற்றாலீஸ்வரன் சிறுவனாகவே இந்தக் கடலில் நீந்தினார். இத்தகைய நீச்சல்களில் ஒருவர் நீந்துவார். அவருக்காகப் பலர் படகில் விழித்திருப்பார்கள். அந்த ஏற்பாடெல்லாம் இருந்தும் ஆனந்தன் 1984-இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரிழந்தார். ஏற்பாடே இல்லாமல், விடியலில் தனியாகக் கண்மாயில் இறங்குகிறவரைத் துணிச்சல்காரர் என்று பாராட்ட என்னால் முடியாது. நீச்சலில் நண்பன் இல்லாவிட்டால் பயிற்சியே இல்லை. அதிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் நீந்துவது துணையாகாது. ஒருவர் கரையில் நிற்க வேண்டும், கையில் கயிறும் காற்றடைத்த டியூபும் வேண்டும், எல்லார் இடுப்பிலும் பளிச்சென்ற நிறத்தில் மிதவை வேண்டும். கரையில் நிற்பவர் செல்போனில் நீச்சலைப் படம் பிடித்தால் இன்னொரு பயன் உண்டு: கிணற்றில் குதித்துக் கற்ற நம் நீச்சலில் தலை மேலே நிற்கும், கால் கீழே தொங்கும். 1.9 கிலோமீட்டருக்கு அது ஆகாது. தன் நீச்சலைத் தான் பார்க்க முடியாது. இன்னொரு கண் வேண்டும். கவிநாட்டில் ஓட்டக்காரர்களுக்கு அமைந்த அந்தக் கரைமேல் கண்ணை, நீச்சலில் நண்பர்கள் முறைவைத்து ஒருவருக்கொருவர் கொடுக்க முடியும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் வேண்டாம். சாலை நமக்கு வாய்த்திருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியே காரைக்குடிவரை போய்த் திரும்பினால் 70.3-இன் சைக்கிள் தூரத்தை நெருங்கிவிடலாம். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னை நிழலில் ஏறக்குறையச் சமதளமாகப் போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றைப் பழகலாம். பஞ்சர், நாய், இருட்டில் விளக்கில்லாமல் வரும் டிராக்டர் எல்லாவற்றுக்கும் கூட்டமாகப் போவது பாதுகாப்பு. ஆனால் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிப் போகும்போது பின்னால் இருப்பவருக்குக் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை உழைப்பு குறைகிறது. ஆறு மாதம் அப்படி ஓட்டிவிட்டுக் கோவாவில் முதன்முறையாகக் காற்றைத் தனியே சந்திப்பவருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் நூற்றிருபதாகத் தெரியும். போகும்போது சேர்ந்து போங்கள். திரும்பும்போது பார்வைக்கு எட்டும் இடைவெளி விட்டு அவரவர் காற்றை அவரவர் வாங்குங்கள். தண்ணீர், உப்பு, வாழைப்பழம், கடலைமிட்டாய் எல்லாம் அவரவர் பையில் இருக்கட்டும். பந்தயத்தில் நண்பனின் பை கிடைக்காது.

நட்புக்குச் சாதகமான ஒரு விஷயத்தை மறைத்தால் இந்த எடை நேர்மையாகாது. ஆக்ஸ்ஃபோர்டில் படகு வீரர்களைத் தனியாகவும் குழுவாகவும் ஒரே அளவு துடுப்புப் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். குழுவாகச் செய்த பிறகு அவர்களால் அதிக வலியைத் தாங்க முடிந்தது. உழைப்பு ஒன்றுதான், வலி மட்டும் இறங்குகிறது. வயதும் வேலையும் குடும்பமும் உள்ள ஒருவர் பத்து மாதம் பயிற்சியை விடாமல் தொடர்வதற்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. தவறாமல் வருவதுதான் நீண்ட தூரத்தில் பாதி வெற்றி; அதை நண்பர்கள் தருகிறார்கள். ஓட்டத்தைத் தனியாக ஓடச் சொன்ன என் கட்சி இதனால் தளரவில்லை. ஆனால் வாரத்தில் ஏழு நாளும் தனியாக இருப்பவர் வைகாசிக்குள் விட்டுவிடுவார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பணத்தைப் பேசாமல் முடிக்க முடியாது. லட்சுமணனும் சாந்தியும் வசதியான வீடுகளிலிருந்து வரவில்லை. ஓட்டம் அவர்களிடம் கேட்டது காலையும் மூச்சையும்தான். டிரையத்லான் கேட்பது வேறு. ஓரளவு நல்ல சாலை சைக்கிளே லட்சத்தைத் தொடுகிறது. நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் பல ஆயிரம். இப்படியே போனால் இந்த மாவட்டத்தின் சிறந்த கால்கள் இந்தப் பந்தயத்துக்கு வெளியேதான் நிற்கும். அதற்கு நட்பு செய்யக்கூடிய ஒன்று உண்டு: கோவாவில் தனியாள் பந்தயத்தோடு மூவர் அஞ்சல் பந்தயமும் நடக்கிறது. ஒருவர் நீந்த, ஒருவர் மிதிக்க, ஒருவர் ஓடலாம். இது முழு டிரையத்லான் ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் சரிதான், மூன்றையும் ஒரே உடலில் தாங்குவதற்கு ஈடு இதில் இல்லை. இருந்தாலும் முதல் வருடத்துக்கு நான் அஞ்சலையே சொல்வேன். இங்கே நீச்சல் ஒரு மழைக்காலத்தில் வருவதில்லை. இரண்டு மழைக்காலம் வேண்டும். அந்த இடைவெளியில் பந்தயம் எப்படி இருக்கும் என்று மூவரும் பார்த்துவிடலாம்.

ஆக, என் தீர்ப்பு. நண்பர்களோடு பயிற்சி எடுக்கலாம். நான்கு பேருக்கு மேல் வேண்டாம். அந்த நால்வருக்குள் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கட்டும், அதிகம் வேண்டாம். தண்ணீரில் ஒருபோதும் பிரிய வேண்டாம். சைக்கிளில் பாதி வழி சேர்ந்து, பாதி வழி பிரிந்து. ஓட்டத்தை, மாதத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம் நீங்கலாக, தனியே. முழு 226 கிலோமீட்டரை முதல் இலக்காக வைக்கிற குழுவில் சேர வேண்டாம். முதல் வருடம் மூவர் அஞ்சல். அதில் ஓடுவதற்கு மைதானத்தில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞரை, பதினெட்டு நிறைந்தவரை, உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய கட்டணத்தையும் ஷூவையும் மற்ற இருவரும் பகிர்ந்துகொள்ளட்டும். அவர் வழக்கமான தன் வேகத்தில் தனியே பயிற்சி எடுக்கட்டும். சனிக்கிழமை காலையில் மட்டும் கண்மாய்க்கு வந்து, அடுத்த வருடத்துக்காக அவரும் நீந்தக் கற்கட்டும்.